கடல்மல்லை முதல் பரமேச்சுர விண்ணகரம் வரை

திருமங்கையாழ்வார் அருளிச்செய்த பெரிய திருமொழியின் இரண்டாம் பத்து திருவேங்கடத்தில் தொடங்கித் திருக்கோவலூரில் நிறைவுறுகிறது. இடையில் திருவெவ்வுள், திருவல்லிக்கேணி, திருநீர்மலை, திருக்கடல்மல்லை, திருவிடவெந்தை, அட்டபுயகரம், பரமேச்சுர விண்ணகரம் என்னும் தொண்டைநாட்டுத் திருப்பதிகள் அடுத்தடுத்து மங்களாசாசனம் பெறுகின்றன. இவற்றுள் கடல்மல்லைக்கு மட்டும் இரண்டு திருமொழிகள் அமைந்திருக்கின்றன. நில வரிசைப்படி நோக்கினால் நீர்மலைக்கும் மல்லைக்கும் நடுவே உள்ள இடவெந்தை முன்னே வந்திருக்க வேண்டும். ஆதலின் இப்பத்தினை அடிக்கு அடி எழுதப்பட்ட வழிக்குறிப்பாகக் கொள்ளுதல் இயலாது. எனினும் கடற்கரையிலிருந்து கச்சிநகர் நோக்கிச் செல்லும் ஓர் ஒழுங்கு இதில் தெளிவாக உண்டு. பல்லவர் துறைமுகமும் பல்லவர் தலைநகரும் ஆழ்வாருடைய திருவாக்கில் ஒரே மாலையில் தொடுக்கப்பட்டுள்ளன.

இக்காலத்தில் மல்லைக்குச் செல்வோர் பெரும்பாலும் சிற்பங்களைக் காண்பதற்காகவே செல்கின்றனர். கச்சிக்குச் செல்வோர் திவ்யதேசங்களை ஸேவிக்கச் செல்கின்றனர். கல்வெட்டையும் அருளிச்செயலையும் ஒருசேரக் கையில் கொண்டு இவ்விரு நகரங்களையும் காண்பவர்க்கு, ஒன்றின் ஐயத்தை மற்றொன்று தீர்த்துவைக்கும். அவ்வாறு காணத்தக்க சில இடங்களும், அவற்றுள் ஒன்றைப் பற்றி அறிஞரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வினாவும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

துறையும் தலைநகரும்

தொண்டைநாட்டுக் கடற்கரை மிகப் பழைய துறைமுகங்களின் வரிசையாகும். மல்லைக்குத் தெற்கே உள்ள கடப்பாக்கம் இடைக்கழிநாட்டைச் சேர்ந்தது. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர் என்று பெயரிலேயே குறிக்கப்படுகிறார். அவர் பாட்டில் இக்கரையின் எயிற்பட்டினம் இடம்பெறுகிறது. கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டை 18ஆம் நூற்றாண்டில் நவாபு ஆட்சியில் எழுந்து, 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்று, 1760இல் ஆங்கிலேயரால் கைப்பற்றப்பட்டுச் சிதைக்கப்பட்டது. சங்க காலம் தொடங்கி ஐரோப்பியர் காலம் வரை இக்கரையில் துறைகள் தோன்றியும் மறைந்தும் வந்தமைக்கு இவை இரண்டு எல்லைச் சான்றுகள்.

கடற்றுறையிலிருந்து கச்சிக்குச் செல்லும் வழியும் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்துகையில், மரக்கலங்கள் வந்து நிற்கும் நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்தை முதலிற் கூறி, அதன் பின்னர்த் திருவெஃகாவில் அரவணையில் பள்ளிகொண்ட பெருமானைக் கூறி, அதன் பின்னரே காஞ்சியைக் கூறுகிறது. நீர்ப்பெயற்று என்பது மல்லையே எனக் கருதும் அறிஞர் உளர். அவ்வடையாளம் எவ்வாறாயினும், துறை, பெருமாள் சன்னிதி, அரசிருக்கை என்னும் வரிசை ஆழ்வார்களுக்கும் முற்பட்டது என்பது உறுதி.

பல்லவர் காலத்தில் இவ்வரிசை பேரரசின் நடைமுறையாயிற்று. ஏறத்தாழ 640ஆம் ஆண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். முதலாம் நரசிம்மவர்மன் ஆண்ட காலம் அது. மாமல்லன் என்னும் அவன் விருதுப்பெயரே மாமல்லபுரம் என்னும் பெயருக்கு அடிப்படை என்பர். அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் வந்த திருமங்கையாழ்வார், பொருட்குவியல்களையும் களிறுகளையும் நவமணிகளையும் சுமந்து, பாரத்தால் தாழ்ந்து அசையும் கலங்கள் மல்லைத் துறையில் இயங்குவதைப் பாடியருளினார். துறைமுகத்தின் செல்வநிலைக்கு அக்காலத்துச் சான்றாக வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டுவது இப்பாசுரத்தையே.

வலவெந்தையும் அரசர் உருவங்களும்

மல்லையில் முதலில் காணத்தக்கது ஆதிவராகர் குகைக்கோயில். ஊரார் இதனைத் திருவலவெந்தை என்பர். பிராட்டியை வலப்பாகத்தில் கொண்டமையால் வலவெந்தை. இடப்பாகத்தில் கொண்டமையால் வடக்கே உள்ளது இடவெந்தை. மல்லையின் குகைகளுள் பெரும்பாலானவை வழிபாடு நீங்கித் தொல்லியல் துறையின் காவலில் இருக்க, இக்குகை இன்றும் திருவாராதனம் நடைபெறும் சன்னிதியாக விளங்குகிறது. கல்வெட்டு இதனைப் பரமேச்வர மஹாவராஹ விஷ்ணுக்ருஹம் என வழங்குகிறது. பரமேச்வரன் என்பது ஈண்டுப் பல்லவ மன்னன் பெயர். கச்சியிலுள்ள பரமேச்சுர விண்ணகரத்தின் பெயரும் அவ்வகையினதே. இதனை அறியாதார் விண்ணகரத்துக்குச் சிவபெயர் எவ்வாறு வந்தது என மயங்குவதுண்டு.

இக்குகையின் சுவர்களில் இரண்டு அரசர்கள் தத்தம் தேவியருடன் செதுக்கப்பட்டுள்ளனர். மேலே பொறித்த பெயர்கள் ஒருவனைச் சிம்மவிஷ்ணு என்றும் மற்றவனை மகேந்திரன் என்றும் காட்டுகின்றன. சிம்மவிஷ்ணு ஆசனத்தில் அமர்ந்திருக்கிறான். மகேந்திரன் நின்றவண்ணம் தேவியரை அழைத்துச் செல்பவன்போல் கை நீட்டுகிறான். சிம்மவிஷ்ணு திருமாலைப் பக்தியால் ஆராதித்தவன் என்று உதயேந்திரம் செப்பேடு கூறும். செப்பேட்டுச் சொல்லும் கல்லில் வடித்த உருவமும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் இடம் இது.

இங்குப் பத்து அவதாரங்களை எண்ணும் வடமொழிக் கல்வெட்டும் உண்டு. அதில் மத்ஸ்யம் முதலாகக் கல்கி ஈறாக வரும் எண்ணிக்கையில் மூன்று இராமர்களுக்குப் பின் புத்தர் எண்ணப்பட்டிருக்கிறார், கண்ணன் எண்ணப்படவில்லை. ஸம்பிரதாயம் கொள்ளும் தசாவதார வரிசை இதனின் வேறானது. ஆழ்வார்களின் ஈரச்சொல் கண்ணனையே உயிராகக் கொண்டிருந்த காலத்தில், அதே நாட்டில் வேறொரு புராண வழக்கும் கல்லில் ஏறியிருந்தது என்பதற்கு இது சான்று. எது தம் பூர்வர்கள் வழி வந்தது, எது அயலே நின்றது என்பதைத் தெளிய விரும்புவார் இதனை ஒருமுறையேனும் நேரில் காணல் வேண்டும்.

மூன்று சயனங்கள்

மல்லையில் பெருமாளின் சயனத் திருக்கோலம் மூன்று இடங்களில் காணப்படுகிறது. முதலாவது, மஹிஷமர்த்தினி மண்டபத்தின் ஒரு பக்கச் சுவரில் உள்ள அனந்தசயனப் புடைப்புச் சிற்பம். அரவணைமேல் பெருமாள் யோகநித்திரையில் இருக்க, திருவடிப்பக்கத்தில் மது, கைடபர் கதை ஏந்தி நிற்கின்றனர். எதிர்ச்சுவரில் துர்க்கை மஹிஷனோடு பொரும் காட்சி உள்ளது. ஒருபுறம் ஆரவாரமும் மறுபுறம் அமைதியும் நேருக்கு நேர் நிற்க, நடுக்கருவறையில் சோமாஸ்கந்தர் அமைந்துள்ளார்.

இரண்டாவது, கடற்கரைக் கோயில். இதில் இரண்டு சிவாலயங்கள் விமானத்தோடு ஓங்கி நிற்கின்றன. கிழக்கு நோக்கிய பெரியது க்ஷத்திரியசிம்ம பல்லவேச்வரம். மேற்கு நோக்கிய சிறியது ராஜசிம்ம பல்லவேச்வரம். இவ்விரண்டின் நடுவே, விமானமின்றி, தாய்ப்பாறையிலேயே செதுக்கப்பட்ட திருமேனியோடு பள்ளிகொண்ட பெருமாளின் சன்னிதி உள்ளது. அதன் பெயர் நரபதிசிம்ம பல்லவ விஷ்ணுக்ருஹம். இம்மூன்று பெயர்களும் இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராஜசிம்மனின் விருதுகளால் அமைந்தவை. முதலாம் இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டு நடுச்சன்னிதியின் பெருமாளைப் பள்ளிகொண்டருளிய தேவர் என்று குறிக்கிறது.

மூன்றாவது, ஊர் நடுவில் உள்ள ஸ்தலசயனப் பெருமாள் திருக்கோயில். திவ்யதேசம் என்று இன்று ஸேவிக்கப்படுவது இதுவே. உத்ஸவர் உலகுய்ய நின்றான். தாயார் நிலமங்கை நாச்சியார். புண்டரீக மஹரிஷி தாமரை மலர்களைத் திருப்பாற்கடல் நாதனுக்குச் சமர்ப்பிக்க விரும்பிக் கடலைக் கையால் இறைக்க முற்பட்டார் என்றும், பெருமாள் முதியவராய் வந்து பசிக்கு உணவு வேண்டினார் என்றும், ரிஷி உணவோடு மீண்டு வந்தபோது அம்மலர்களைச் சூடித் தரையிலேயே பள்ளிகொண்டிருந்தார் என்றும் தலவரலாறு கூறும். திருக்கோயிலின் இன்றைய கட்டமைப்பு விஜயநகர காலத்தது. பூதத்தாழ்வார் குருக்கத்தி மலரில் அவதரித்த தலம் என்ற பெருமையும் இம்மல்லைக்கே உரியது. அவ்வாழ்வார் இரண்டாம் திருவந்தாதியில் மாமல்லையைத் திருநாமம் இட்டு அருளிச்செய்துள்ளார்.

ஆழ்வார் பாடியது எச்சன்னிதி?

திருமங்கையாழ்வார் தலசயனம் என்று பாடியருளியது கடற்கரையிலுள்ள சன்னிதியையா, ஊர் நடுவிலுள்ள சன்னிதியையா என்பதே அறிஞரிடையே எழும் வினா. இதனைத் தெளிய மூன்று சான்றுகள் உதவும்.

முதற்சான்று பாசுரமே. கடல்மல்லையின் இரண்டாம் திருமொழியில் ஆழ்வார், சுடுகாட்டில் நடமாடும் பிஞ்ஞகனோடு இணங்கியிருக்கும் சக்கரக்கையனுக்கு இடம் கடல்மல்லைத் தலசயனம் என்று அருளுகிறார். இரு சிவாலயங்களின் நடுவே பெருமாள் பள்ளிகொண்டிருக்கும் கடற்கரைக் கோயிலை நேரில் கண்டவர்க்கு இத்தொடரின் பொருள் உடனே விளங்கும். ஆழ்வாரின் காலம் எட்டாம் நூற்றாண்டு; இராஜசிம்மன் அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவன். ஆதலின் ஆழ்வார் எழுந்தருளியபோது இரு விமானங்களும் பெருமாளின் இருமருங்கும் எழும்பியிருந்தன.

இரண்டாம் சான்று வடமொழிப் புலவர் தண்டியின் அவந்திசுந்தரீ கதை. பல்லவர் அவையோடு தொடர்புடைய தண்டி, மாமல்லபுரத்தில் அலைகள் திருவடி வருடப் பள்ளிகொண்ட பெருமாளின் திருக்கை முறிந்திருந்ததையும், லலிதாலயன் என்னும் சிற்பி அதனை மூட்டுத் தெரியாவண்ணம் பொருத்தியதையும், அதனைக் காணத் தாம் அழைக்கப்பட்டதையும் அந்நூலின் முன்னுரையில் கூறுகிறார். முறிந்து பழுது பார்க்கப்படும் அளவுக்கு அத்திருமேனி அன்றே பழமை உடையதாயிருந்தது. இதனால் பாறையில் அமைந்த பெருமாள் முற்பட்டவர் என்றும், அவரை நடுவில் வைத்தே இராஜசிம்மன் சிவாலயங்களை எழுப்பினான் என்றும் கொள்வது பொருந்தும்.

மூன்றாம் சான்று சொற்பொருள். தலம் என்பது தரை. மேடையோ பீடமோ கொணர்ந்து அமைக்காமல், கரையின் பாறைத் தரையே பள்ளியாக அமைந்த திருமேனிக்கு அப்பெயர் நேரே பொருந்துகிறது.

இவ்வளவால் ஊர் நடுவிலுள்ள சன்னிதிக்குத் திவ்யதேசப் பெருமை குறையும் என்று எண்ணுதல் தவறு. கடல் அரித்தும் கலவரம் சூழ்ந்தும் இடம் மாற நேர்ந்த சன்னிதிகள் ஸ்ரீவைஷ்ணவ உலகில் பல. நம்பெருமாள் 1323இல் திருவரங்கத்தை விட்டு எழுந்தருளி 1371இல் மீண்டார். அவ்விடைக்காலத்தில் அவர் எழுந்தருளியிருந்த காடும் மலையும் திருவரங்கமாகவே பூர்வர்களால் மதிக்கப்பட்டன. மங்களாசாசனம் கல்லுக்கும் சுவருக்கும் அன்று. அங்கே உகந்தருளின அர்ச்சாவதார எம்பெருமானுக்கு. கடற்கரையில் வழிபாடு நின்றுபோன பின்னரும் தலசயனன் என்ற திருநாமத்தையும், தரையில் பள்ளிகொண்ட திருக்கோலத்தையும், ஆழ்வார் பாசுரங்களின் அநுஸந்தானத்தையும் விடாமல் காத்துவந்தது ஊர்ச் சன்னிதியே. ஆழ்வார் கண்ட இடத்தை வரலாறு கடற்கரையில் காட்டுகிறது. ஆழ்வார் கண்ட பெருமாளை ஸம்பிரதாயம் ஊர் நடுவில் காட்டுகிறது. ஒன்றைக் கண்டு மற்றொன்றை விடுவது மல்லையைப் பாதி காண்பதாகும்.

இராமாநுச மண்டபம்

பிஞ்ஞகனோடு இணங்கிய பெருமான் என்று ஆழ்வார் பாடிய இதே ஊரில், அவ்விணக்கத்துக்கு மாறான ஒரு சுவடும் உண்டு. இன்று இராமாநுச மண்டபம் என வழங்கும் குகை, பல்லவர் காலத்தில் சிவனுக்குக் குடைந்தது. அதன் சோமாஸ்கந்தச் சிற்பம் உளியால் முற்றிலும் செதுக்கி நீக்கப்பட்டுள்ளது. பிற்காலத்தில் சங்கு, சக்கரம், திருமண் ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. இதனைச் செய்தவர் யாவர் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. குகைக்கு வழங்கும் பெயரைக் கொண்டு எம்பெருமானாரோடு இச்செயலை இணைப்பது பொருந்தாது. அப்பெயர் பின்வந்தோர் இட்டது.

எனினும் அடியார்கள் இக்குகையைக் கடந்து போய்விடலாகாது. திருவாய்மொழி நான்காம் பத்தின் எட்டாம் திருவாய்மொழி, சிவனுக்கும் நான்முகனுக்கும் திருமகளுக்கும் தன் திருமேனியில் இடங்கொடுத்த எம்பெருமானின் சீலகுணத்தைப் பேசுகிறது. சீலமாவது பெரியவன் சிறியவரோடு வேற்றுமையின்றிக் கலத்தல். பெருமானின் பரத்வத்தில் ஆழ்வார்களுக்கு ஐயம் சிறிதும் இல்லை; ஆயினும் பிஞ்ஞகனைத் தம் பெருமான் அருகில் கண்டபோது திருமங்கையாழ்வார் அதனைப் பெருமானின் பெருமையாகவே பாடினார். உளி கொண்டு சிற்பத்தை அழித்தவன் அப்பாசுரத்தைக் கற்றவனாயினும் அதன் பொருளை இழந்தவனே. பரத்வம் பேசுவோர் சீலத்தை மறந்தால் என்ன நேரும் என்பதை அவ்வெற்றுச் சுவர் காட்டி நிற்கிறது.

கச்சியும் விண்ணகரமும்

மல்லைக்கு அடுத்து ஆழ்வார் பாடியருளிய இடவெந்தையில் நித்யகல்யாணப் பெருமாள் வராஹத் திருக்கோலத்தில் பிராட்டியை இடப்பாகத்தில் தாங்கி எழுந்தருளியிருக்கிறார். அத்திருமொழி மகளின் நிலை கண்டு இரங்கும் தாயின் பேச்சாக அமைந்தது. அடுத்துவரும் அட்டபுயகரத் திருமொழியில் மகள் எண்தோளனைக் கண்டு வியந்து, இவர் யாவர் என வினவுகிறாள். தாய் கடற்கரையில் இரங்கியதற்கு விடை கச்சியில் வந்து சேர்கிறது. அத்திருமொழியின் நிறைவுப் பாசுரம் தொண்டையர்கோனையும் வயிரமேகனையும் குறிப்பதால் ஆழ்வாரின் காலத்தை வரையறுப்பதற்கு அது பெருந்துணையாகிறது.

அதற்கடுத்தது பரமேச்சுர விண்ணகரம். இன்று வைகுண்டப் பெருமாள் கோயில் என வழங்கும் இதனை இரண்டாம் நந்திவர்மப் பல்லவமல்லன் எட்டாம் நூற்றாண்டில் எடுப்பித்தான். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கருவறைகள் அமைந்து, கீழே இருந்த திருக்கோலம், நடுவே கிடந்த திருக்கோலம், மேலே நின்ற திருக்கோலம் என மூன்றும் ஒரே விமானத்தில் திகழ்கின்றன. ஆழ்வார் இத்திருமொழியில் பல்லவர்கோனின் வெற்றிகளைக் கூறி, அவன் பணிந்த விண்ணகர் இது என்று அருளுகிறார். உதயேந்திரம் செப்பேடும் நந்திவர்மனுக்காக உதயசந்திரன் என்னும் சேனைத்தலைவன் செய்த போர்களை விரிக்கிறது.

இக்கோயிலின் சுற்றுமண்டபச் சுவர்களில் பல்லவர் வரலாறு முழுவதும் சிற்பத் தொடராகச் செதுக்கப்பட்டுள்ளது. திருமாலிலிருந்து நான்முகன் வழியாகத் தொடங்கும் குலமுறை அசுவத்தாமனைக் கடந்து மன்னர் வரிசையை அடைகிறது. இரண்டாம் பரமேச்வரவர்மன் மறைந்தபின் நாடு அரசனின்றித் தவித்தது. அமைச்சரும் கடிகையாரும் இரணியவர்மனிடம் சென்று அரசன் ஒருவனை வேண்டினர். மற்ற மைந்தர் மறுக்க, பன்னிரண்டு வயதுப் பல்லவமல்லன் உடன்பட்டான். சிற்பங்களுக்குக் கீழே பொறித்த குறிப்புகள் இச்செய்திகளைச் சொல்கின்றன. அச்சிறுவனே பின்னர் ஏறத்தாழ 65 ஆண்டுகள் ஆண்டு இவ்விண்ணகரத்தை எடுத்தான். சி. மீனாட்சி இச்சிற்பத் தொடரை ஆராய்ந்து எழுதிய நூல் தொல்லியல் துறை வெளியீடாக 1941இல் வந்தது. டென்னிஸ் ஹட்சன் 2008இல் வெளியான நூலில், ஆழ்வாரின் இத்திருமொழியையும் பாகவதக் கோட்பாடுகளையும் கொண்டு இக்கோயில் முழுவதற்கும் பொருள் காண முற்பட்டார்.

இச்சிற்பங்கள் மணற்கல்லில் அமைந்தவை. மழையும் காற்றும் சுண்ணப்பூச்சும் பட்டுப் பல முகங்கள் மழுங்கிவிட்டன, எழுத்துகள் தேய்ந்துவருகின்றன. ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன் ஆழ்வார் கண்ட சுவர்களைக் காணும் வாய்ப்பு தலைமுறைதோறும் குறுகிவருகிறது.

ஸேவிக்கும் முறை

இவ்விரு நகரங்களையும் காண விழைவார் மல்லையில் ஸ்தலசயனப் பெருமாளையும் நிலமங்கை நாச்சியாரையும் பூதத்தாழ்வாரையும் முதலில் ஸேவித்து, வலவெந்தை, மஹிஷமர்த்தினி மண்டபம், இராமாநுச மண்டபம் ஆகியவற்றைக் கண்டு, கடற்கரைக் கோயிலில் பள்ளிகொண்டருளிய தேவர் சன்னிதியில் கடல்மல்லைத் திருமொழிகள் இரண்டையும் அநுஸந்தித்தல் நன்று. அங்கே மணியோசையும் தளிகையும் இல்லை. பாசுரத்துக்குத் தடையும் இல்லை. மறுநாள் இடவெந்தை வழியாகக் கச்சியை அடைந்து, திருவெஃகாவையும் அட்டபுயகரத்தையும் ஸேவித்தபின் பரமேச்சுர விண்ணகரத்தின் சுற்றுமண்டபத்தைப் பொறுமையாக வலம்வரலாம். ஐப்பசி மாதத்தில் திருவோணம் திருவெஃகாவில் அவதரித்த பொய்கையாழ்வாருக்கும், அடுத்த நாளாகிய அவிட்டம் மல்லையில் அவதரித்த பூதத்தாழ்வாருக்கும் திருநட்சத்திரங்கள். தலைநகருக்கும் துறைக்கும் இடையே அரசர் வகுத்த பெருவழி மறைந்துபோயிற்று. முதலாழ்வார் இருவரின் திருநட்சத்திரங்கள் அடுத்தடுத்து வரும் அவ்விரு நாள்களில் அடியார்கள் இன்றும் அவ்வழியில் செல்கின்றனர்.